எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போன குளிர்

ஏசிக்குள் இருக்கும் காயிலைக் கழுவாத வீட்டில் குளிர் தங்காது. கோபித்துக்கொண்டு தெருவில் வேறு ஒரு வீட்டுக்குப் போய்விடும். ஏசி ஓடும், காற்று வரும், பச்சை விளக்கு எரியும். குளிர் மட்டும் இருக்காது. வேலூர் கைலாசம் நகரில் இது அவ்வப்போது நடப்பதுதான். மின்சாரம் போவதைப் போல, தண்ணீர் லாரி வராமலிருப்பதைப் போல.

போன குளிர் தானாகத் திரும்பாது. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு பொட்டலம் சோப்புத் தூள், பல் மெத்தென்றிருக்கும் புது பிரஷ் எல்லாம் வைத்து, தெருப் பெரியவர்களை முன்னால் நடக்கவிட்டு, அது போயிருக்கும் வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். வீட்டுக்காரர் தன் வாயால் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் தெருக்காரர்கள் அவர் வீட்டு ஏசியைத் திறந்து டார்ச் அடித்துக் காயிலைப் பார்ப்பார்கள். அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி பளிச்சென்று வரிசையாகத் தெரிந்தால் விஷயம் முடிந்தது. குளிர் எழுந்து பின்னாலேயே வரும்.

டார்ச் அடித்துப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரே வேதாசலம்தான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். யார் வீட்டுக் குளிரை அழைக்கப் போனாலும் முன்னால் நடப்பது அவர்தான். சட்டைப் பையில் டார்ச் தயாராக இருக்கும். போகிற வீட்டில் காபியைக் குடித்துவிட்டு, "குளிருன்னா மகாலட்சுமி மாதிரிங்க. மதிக்கிற எடத்துலதான் இருக்கும்," என்பார். சங்கக் கூட்டத்தில், அந்த மாதம் யார் யார் வீட்டை விட்டுக் குளிர் போனது என்று பேரைச் சொல்லிச் சொல்லி வாசிப்பார். கையில் தாள் இருக்காது. மனப்பாடம்.

போன வருஷம் எஸ்தர் டீச்சர் பேரையும் அப்படித்தான் வாசித்தார். தெருக்கோடி வீட்டில் தனியாக இருக்கும் அம்மாள். பேரை வாசித்ததோடு விடாமல், "டீச்சரே இப்படி இருந்தா, படிச்ச பசங்க கதி என்ன ஆகியிருக்கும்," என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். கூட்டம் சிரித்தது. டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் வேதாசலம் வீட்டுக் குளிர் போய்விட்டது.

காலைப் பலகாரம் ஆகி, அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கணுக்காலை ஏதோ உரசிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தார். வாசல் திரைச்சீலை ஒரு தரம் உப்பி அடங்கியது. மாடிப்படியில் அது இறங்கிப் போவது கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் தெரிந்தது. மேலிருந்து கீழாகக் கம்பி சில்லிட்டுக்கொண்டே போனது. சமையலறையிலிருந்து அவர் மனைவி சம்பூரணம், போய்விட்டதா என்று கேட்டாள். சும்மா காற்று வாங்கப் போயிருக்கும் என்றார் வேதாசலம். சாயந்திரம் வரை வாசல் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார்கள்.

வேறு சமயமாக இருந்தால் ஒரு கோடையை விசிறியோடு ஓட்டியிருக்கலாம். வெள்ளிக்கிழமை அவர்கள் மகள் தேன்மொழி பிரசவத்துக்கு வருகிறாள். கொண்டுவந்து விடப்போகிறவள் காஞ்சிபுரத்துச் சம்பந்தியம்மாள். வளைகாப்பு அன்றைக்கே அந்த அம்மாள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்: அறைக்குள் கையை நீட்டிப் பார்ப்பேன், குளிர் இருந்தால் பெண்ணை விட்டுவிட்டு வருவேன், இல்லாவிட்டால் அதே வண்டியில் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். தேன்மொழி போனில் அப்பாவிடம் மெதுவாகப் பேசினாள். அங்கே எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனாலும் எனக்கு அம்மாகூட இருக்க வேண்டும்போல இருக்கிறது என்றாள். பிறகு சம்பந்தியம்மாள் போனை வாங்கினாள்.

"வீட்டுல குளிர் இருக்கில்ல சம்பந்தி? ஆஸ்பத்திரிக்குப் போக வர உங்க காருதானே, அதுலயும் இருக்கில்ல?"

"ரெண்டுலயும் இருக்குங்க," என்றார் வேதாசலம்.

காரின் குளிர் அதற்கு முன்பே போயிருந்தது. காரின் குளிர் சின்னது, மடியில் வைத்துக்கொள்ளும் அளவுதான் இருக்கும். மாசி மாதம் சிக்னலில் நின்றபோது, பக்கத்தில் நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து காரின் கண்ணாடிகளை ஒட்ட ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். கண்ணாடியை இறக்கினால் குளிர் இல்லை என்று தெருவுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? உள்ளே பனியன் நனைந்து, சட்டை நனைந்து, ஸ்டீயரிங் வழுக்கும். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் கண்ணாடி வழியாகச் சிரிப்பார்.

இப்போது வீட்டிலும் அதே பாடு. குளிர் நன்றாக உள்ள வீட்டுக்காரர்கள் வெளியே வரும்போது சால்வை போர்த்திக்கொண்டு வருவது அங்கே வழக்கம். வேதாசலம் ஊட்டியில் வாங்கிய கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தார். மணி பன்னிரண்டு வெயில். போகிற வருகிறவர்களிடம், "உள்ள உக்கார முடியல, அப்படி ஒரு சில்லு," என்றார். வியர்வை முழங்கையில் இறங்கித் தரையில் சொட்டியது.

சம்பூரணம் எட்டிப் பார்த்தாள். "சால்வையைப் பிழிஞ்சு காயப் போடணும்னா குடுங்க."

குளிர் எங்கே போயிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். இதைப் பிறரிடம் கேட்க முடியாது. கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும். அதனால் அவர் ஜாடைமாடையாகத் தெருவை நோட்டம் விட்டார். ஒரு வீட்டில் இரண்டு குளிர் சேர்ந்துவிட்டால் ஆட்கள் நடுங்குவார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பத்மநாபன், எதிர் வரிசையில் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, காதுக்கு மஃப்ளர் சுற்றி, போர்வைக்குள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். வேதாசலத்துக்கு அது போதும். தட்டைத் துணிப்பைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் யாரையும் கூப்பிடாமல் தனியாகப் போனார். தட்டை வெளியே எடுத்து நீட்டி, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்து அனுப்பி வைக்க வேண்டும் என்று முறைப்படி சொன்னார். குரல் எழும்பவில்லை. அதனால் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

பத்மநாபன் பல் கிட்டிக்கொள்ள நிமிர்ந்து பார்த்தார். "எங்க வீட்டுக்கு எதுவும் வரல சார். எனக்கு டைஃபாய்டு."

வேதாசலம் தட்டைப் பைக்குள் வைத்தார். வாழைப்பழத்தை மட்டும் நோயாளிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். பத்மநாபனின் மனைவி கஞ்சி டம்ளரோடு நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவர் தெருவைக் கடந்து தன் வீட்டு கேட்டைத் திறப்பதற்குள், இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. பிற்பகலில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் வந்து விசாரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

குளிர் எங்கே இருக்கிறது என்பது காய்கறிக்காரர் மூலம் வந்தது. எஸ்தர் டீச்சர் வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கிறதாம், இட்லி மாவு நாலு நாளாகப் புளிக்கவில்லையாம், டீச்சர் தன் இறந்துபோன வீட்டுக்காரரின் குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு வந்து கத்தரிக்காய் வாங்கினாராம்.

வேதாசலம் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்மநாபன் வீடாக இருந்தால் போயிருக்கலாம், யார் வீடாக இருந்தாலும் போயிருக்கலாம், அங்கே எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று சுவரிடம் கேட்டார். சம்பூரணம் தட்டைக் கழுவித் துடைத்து, வேறு வாழைப்பழம் வைத்தாள். மறுநாள் விடிந்தால் வெள்ளிக்கிழமை. அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து அவர் தலைமாட்டில் நின்றாள்.

"கோவிச்சுக்கிட்டு எங்க அம்மா வீட்டுல நான் போய் உக்காந்தப்பகூட எனக்கு ஒரு வாழைப்பழம் வரல. நானா பஸ் ஏறி வந்தேன். இது நம்ம பொண்ணுக்காக. எழுந்திருங்க."

அவர் எழுந்தார்.

முன்னால் நடக்கப் பெரியவர்கள் வேண்டுமே. இத்தனை நாளும் அந்த வேலையைச் செய்தவர் அவர் என்பதால், வேறு யாருக்கும் அது பழக்கமில்லை. கடைசியில் அவரே முன்னால் நடந்தார், அவரே பின்னாலும் நடக்கவேண்டியதாக இருந்தது. பாதித் தெரு வரை தலைவராகப் போய்விட்டு, பிறகு நின்று, சம்பூரணத்தின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரராக மீதித் தெருவை நடந்தார். ஜன்னல்களில் இருந்தவர்கள் அது எந்த இடத்தில் மாறுகிறது என்று கவனித்தார்கள்.

டீச்சர் வீட்டு ஹாலில் மூச்சு புகையாக வந்தது. இரண்டு குளிர்களும் சுவரோரமாக இருந்தன. டீச்சர் வீட்டுக் குளிர் ஏசிக்குக் கீழே, வேதாசலம் வீட்டுக் குளிர் டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால். குளிர் பேசாது; எங்கே இருக்கிறது, யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது நம் முழங்காலுக்குத் தெரியும். அது அவர் பக்கம் திரும்பவில்லை.

டீச்சர் அவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்தார். காபி ஆறுவதற்கு முன் குடித்துவிடச் சொன்னார். சங்கக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைப்பேறு எந்த ஆஸ்பத்திரியில், தேன்மொழிக்குக் கால் வீங்குகிறதா, புளிப்புக் கேட்கிறாளா என்றெல்லாம் சம்பூரணத்திடம் விசாரித்தார். அவர் ஏதாவது குத்திச் சொல்லியிருந்தால் வேதாசலத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். காதுமடல் இரண்டும் காய்ச்சிய கம்பி மாதிரி சுட, அவர் தட்டை நீட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"ஃபில்டரை ஞாயித்துக்கிழமை தவறாம கழுவறேன் டீச்சர். சம்பூரணத்தையே கேளுங்க," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஃபில்டர் முகம் மாதிரி சார். அதை எல்லாரும்தான் கழுவறோம்," என்றார் டீச்சர். "இது முதுகைப் பத்திக் கேக்குது."

நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு சில்லிப்பு எழுந்து, அவர் முழங்கால் வரை வந்து, திரும்பிப் போய் உட்கார்ந்தது.

அன்று பிற்பகலே தெரு அவர் வீட்டு ஹாலில் கூடியது. முன்பு அவர் யார் யார் வீட்டுக் காயிலில் டார்ச் அடித்தாரோ, அவர்கள் எல்லாரும் வந்தார்கள். பத்மநாபன்கூடப் போர்வையோடு வந்து சோபாவில் சாய்ந்துகொண்டார். ஆளுக்கொரு டார்ச் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, செருப்பை ஒழுங்காக வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லாரையும் தேன்மொழிக்கு ஒதுக்கிய அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், வேதாசலம் ஸ்டூலில் ஏறி ஏசியின் மூடியைத் தூக்கினார். ஃபில்டர் வலைகளை உருவினார். அவை பளிச்சென்று இருந்தன. வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிக் காட்டினார். யாரும் அவற்றைப் பார்க்கவில்லை.

வலைக்குப் பின்னால் தகடுகளே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி அப்பிக்கிடந்தது. ஏசி வாங்கிய நாளிலிருந்து அவர் அதைத் திறந்ததில்லை. உள்ளே பார்க்க வேண்டாமா என்று சம்பூரணம் கேட்கும்போதெல்லாம், அதெல்லாம் கம்பெனி சீல், தொடக்கூடாது, உனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தார். எல்லா டார்ச்சும் ஒன்றாக அடித்தபோது அந்த அழுக்குக்கு நிழல்கூட விழுந்தது. ஊறிய சாக்கு வாடை ஹால் வரை பரவியது.

சம்பூரணம் இன்னொரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஓரத்தில் நகம் கொடுத்து அதை உரித்தாள். கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. கீழே பிடித்தவர்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து சமையலறை வரை போனார்கள். இரண்டாக மடித்து, நாலாக மடித்து, சோபாவில் வைத்தார்கள். பத்மநாபன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் போர்வைக்கு மேல் எடுத்துப் போர்த்திக்கொண்டார். "கதகதப்பா இருக்கு," என்றார்.

பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டார்கள். வேதாசலம் புது பிரஷ்ஷை வாங்கி மேலிருந்து கீழாகத் தேய்த்தார். குறுக்கே தேய்த்தால் தகட்டின் பல் சாய்ந்துவிடும் என்று மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவர். இப்போது அவர் பிரஷ்ஷே இரண்டு இடத்தில் குறுக்கே போனது. கீழ்த் தட்டில் கஞ்சி மாதிரி கொழகொழவென்று கட்டியிருந்ததை வழித்து, தண்ணீர் இறங்கும் குழாயை ஊதி எடுத்தார்கள். வாளியில் இறங்கிய தண்ணீர் முதலில் கறுப்பாக, அப்புறம் டீ நிறத்தில், அப்புறம் தண்ணீராக வந்தது. ஒவ்வொரு வாளியையும் தெருக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் ஊற்றினார்கள். கறுப்புத் தண்ணீர் தெருவில் சரிந்து ஓடி, கடைசி வீடு வரை போனது.

அப்படியே கீழே இறங்கிக் காரையும் பார்த்துவிடலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, பின்னால் இருந்த வடிகட்டியை உருவினார்கள். வேப்பிலைச் சருகு, ஒரு கிளி இறகு, எலி சேர்த்த பஞ்சு எல்லாம் கொட்டின. உள்ளே நுரையை அடித்து, அழுக்கு சொட்டி முடியும்வரை காத்திருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார்.

"சார், இது உங்களுதா பாருங்க. மாசியிலருந்து என் பின்சீட்டுல கீது. சவாரி ஏறுனா ஒருத்தரும் எறங்க மாட்டேங்கறாங்க. வீட்டு வாசல்லயே நிறுத்தினாலும் இன்னொரு ரவுண்டு போ, இன்னொரு ரவுண்டு போன்றாங்க."

சின்னக் குளிர் ஆட்டோவிலிருந்து இறங்கி, நுரை வாடையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, காரில் ஏறிக்கொண்டது. வேதாசலம் தட்டு இல்லாமலேயே அதனிடம் மன்னிப்புக் கேட்டார்.

பெரிய குளிரை எஸ்தர் டீச்சர் தானே கூட்டிக்கொண்டு வந்தார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சம்பூரணம் ஆரத்தி எடுத்தாள். மாடிப்படிக் கைப்பிடி கீழிருந்து மேலாகச் சில்லிட்டது. ஹாலில் ஒரு சுற்று நின்றுவிட்டு, தேன்மொழிக்கு ஒதுக்கிய அறைக்குள் போய் அது தன் இடத்தில் அமர்ந்தது. டீச்சர் சம்பூரணத்தின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வண்டி வந்தது. தேன்மொழி இடுப்பில் கையை ஊன்றிப் படியேறினாள். முகம் சிவந்து வேர்த்திருந்தது. சம்பந்தியம்மாள் வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, சொன்னபடி அறைக்குள் கையை நீட்டினாள். கட்டில் பக்கம், ஜன்னல் பக்கம், பீரோ பக்கம் என்று நீட்டிக்கொண்டே வந்தவள், கதவோரத்தில் நிறுத்தினாள்.

"இங்க மட்டும் சுடுதே சம்பந்தி."

கதவோரத்தில் நின்றவர் வேதாசலம். அவர் பீரோவுக்கு அருகே நகர்ந்தார். கதவோரம் குளிர்ந்தது, பீரோ சுட்டது. வெட்கப்பட்ட மனுஷன் உடம்பு சுடும் என்பது தெரிந்த விஷயம்தான். நேற்றுச் சாயந்திரத்திலிருந்து அவருக்கு அது இறங்கவில்லை. இரண்டு தரம் குளித்தும் துவட்டும் முன்பே தலை காய்ந்துவிட்டது. இப்போது அவர் எங்கே நின்றாலும் அந்த இடத்தில் புழுங்கியது. கட்டிலில் உட்கார்ந்த தேன்மொழி முந்தானையால் விசிறிக்கொண்டு, பரவாயில்லைப்பா, இருங்க என்றாள். ஏசிக்குக் கீழே குளிர் அசைந்து, எழுந்து நிற்பது முழங்காலில் தெரிந்தது. சம்பந்தியம்மாள் இன்னும் பையைக் கீழே வைக்கவில்லை.

வேதாசலம் நாலுபேர் வீட்டு ஏசியைப் பார்த்தவர். உள்ளே இருக்கும் சூடு எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் போடும் செருப்பைக் கழற்றி ஜன்னலுக்குக் கீழே ஜோடியாக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜன்னல் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே போட்டார். சம்பூரணம் அவர் தோளைப் பிடித்துத் தாங்கினாள்.

"எங்க வீட்டுக்காரர் காலையிலயே போய் உக்காந்துடுவார்," என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

அவருக்குப் பின்னால் ஜன்னல் கதவு சாத்தப்பட்டது. வெளிச்சுவரில், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் அவுட்டோர் பெட்டி இரும்புத் தாங்கிமேல் இருந்தது. ஆள் உட்காரும் கனத்துக்குத்தான் தாங்கியை அடித்திருந்தார்கள். அவர் அதன்மேல் அமர்ந்து கால்களைத் தொங்கவிட்டார். கீழே விசிறி சுழன்று, அவருடைய சூட்டை வெயிலுக்குள் தள்ளியது. கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து மகள் தூங்கும் மூச்சுச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

தெருவின் பின்பக்கம் நெடுக, மாடிக்கு மாடி அவுட்டோர் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் அந்த வீட்டு ஆண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தெருவில் நடக்கிறவர்கள் அவ்வளவு உயரத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை, வேதாசலமும் பார்த்ததில்லை. சங்கத்தின் பொருளாளர் அடுத்த பெட்டியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாங்க சார் என்று தலையசைத்துவிட்டு, அந்தப் பக்கம் செப்புக்குழாய் போகிறது, இடது காலைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கீழேயிருந்து கயிற்றில் கட்டிய தூக்கு ஒன்று டீயோடு மேலே ஏறி வந்தது. பெட்டிக்குப் பெட்டி கைமாறி அவரிடம் வந்தது. வேதாசலத்துக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கென்று தனியாக ஒரு டம்ளரில் சர்க்கரை போடாமல் வைத்திருந்தார்கள்.